கருவியும் ஆசிரியரும்

(ஆசிரியப் பயிற்சி மாணவரிடை நிகழ்த்திய உரை)

நாளைய ஆசிரியப் பெருமக்களே!

கணிப்பொறி வகுப்பறைக்குள் வந்துவிட்டது. அதனை வெறுத்தொதுக்குவது அறியாமை. அதன்முன் மண்டியிடுவது அடிமைப்பான்மை. அதனை ஆள்வதே ஆசிரியர் கடன்.

2020-இல் கொள்ளைநோயால் பள்ளிகள் மூடப்பெற்றன. 2019-இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி வீடுகளுக்குப் பாடங்களைக் கொண்டு சென்றது. நற்பணிதான். ஆயினும், விளங்காமல் விழித்த பிள்ளையின் கண்ணைத் திரை கண்டதா? கையிற் பேசியில்லா ஏழைப்பிள்ளையின் கல்வி என்னாயிற்று? கருவி பாடஞ் சொல்லும். பிள்ளையின் முகம் பார்த்துச் சொல்ல ஆசிரியரே வேண்டும்.

இனி, அக்கருவி எம்மொழியில் இயங்குகிறது என்பதே தலையாய கேள்வி. 'அம்மா' என்றெழுத ஆங்கில எழுத்துகளைத் தட்டும் பிள்ளை, தாய்மொழியையும் அயலெழுத்தின் வழியே எண்ணப் பழகுகிறது. 1999-ஆம் ஆண்டுச் சென்னைத் தமிழ் இணைய மாநாட்டையொட்டி அமைந்து, தமிழக அரசால் ஏற்கப்பெற்ற 'தமிழ் 99' விசைப்பலகையைப் பாருங்கள்! உயிருக்கு 12, மெய்வரிசைக்கு 18, ஆய்தத்திற்கு 1; இந்த 31 விசைகளாலேயே 247 எழுத்துகளும் பிறக்கின்றன. ககரத்தையடுத்து ஆகாரத்தைத் தட்டினால் 'கா' தோன்றும். மெய்யோடு உயிர் சேர்ந்து உயிர்மெய்யாகும் இலக்கணம் விரல்நுனியிலேயே விளங்குகிறதன்றோ?

இதனை அறியாத ஆசிரியர் தமிழ்ப்பிள்ளைக்குக் கற்பிப்பது எங்ஙனம்? ஆகவே, வகுப்பறை புகுமுன் நாளொன்றுக்கு ஒரு பக்கமேனும் தமிழ் விசைகளால் எழுதிப் பழகுங்கள். கருவியை எவர் செய்தாலும் செய்க; அதில் எழும் மொழி தமிழாகட்டும்!