கூடாரம் என்ற சொல்



எங்கள் கல்முனைக் கரையோரத்திலே சில சொற்களுக்கு அகராதி சொல்லும் பொருள் ஒன்று, அனுபவம் சொல்லும் பொருள் வேறொன்று. 'முகாம்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். பயணத்திலே தங்கும் இடம் என்பதுதான் அதன் பொருள். ஆனால் 1985 தொடக்கம் இருபது இருபத்தைந்து ஆண்டுகளாக, "முகாமுக்குப் போயிட்டார்" என்று எவரேனும் சொன்னால், "எந்த முகாம்?" என்று கேட்கவேண்டியிருந்தது. இராணுவ முகாமா, அகதி முகாமா? இரண்டில் எதுவானாலும் கேட்டவரின் முகம் மாறியது. தமிழர், முஸ்லிம் என்ற பேதமின்றி எங்கள் மாவட்டத்தின் இரு சமூகங்களும் அந்தச் சொல்லின் கசப்பைக் குடித்தவைதாம்.

'கூடாரம்' என்ற சொல் மட்டும் நெடுங்காலம் காயப்படாமல் இருந்தது. ஹஜ்ஜுக்குப் போய்வந்த பெரியவர்கள், மினாப் பள்ளத்தாக்கிலே கண்ணுக்கெட்டிய தூரம்வரை தெரியும் வெள்ளைக் கூடாரங்களை வர்ணிக்கும்போது வாய்பிளந்து கேட்டிருக்கிறோம். எங்களுக்கு அது புனிதப் பயணத்தின் சொல். பள்ளிக்கூடத்துச் சாரணர் இயக்கத்தின் சொல். 2004 டிசம்பர் 26ஆந் திகதி அதுவும் மாறிப்போனது. ஆழிப்பேரலையில் இலங்கையிலேயே ஆகக்கூடிய உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர். கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை என்று கடற்கரை நெடுகிலும் வீடிருந்த இடங்களிலே வெறும் அத்திவாரம் எஞ்சியது. அதன்பின் வந்தவை கூடாரங்கள். அன்று தொட்டு எங்கள் பகுதியிலே ஒருவர் "கூடாரத்தில இருந்த காலம்" என்றால், எந்தக் காலம் என்று எவரும் கேட்பதில்லை.

அப்படிப்பட்ட ஊரிலிருந்து, சொந்த விருப்பத்தோடு, கூடாரத்தைக் கட்டிச் சுமந்துகொண்டு காட்டுக்குப் போன நால்வரின் கதையைத்தான் இன்றைய உரையிலே சொல்லப்போகிறேன். அவர்களில் நானும் ஒருவன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜூன் மாதம். நாங்கள் போன இடம் குமண. கல்முனையிலிருந்து தெற்கே அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில், பாணமை என்று போனால் ஏறத்தாழ 100 கிலோமீற்றரில் உகந்தை வரும். உகந்தைமலை முருகன் கோயிலை அறியாதவர் கிழக்கில் இல்லை. கதிர்காமத்துக்கு நடந்துபோகும் அடியார்கள் அங்கு கூடி, வனத்துக்குள் இறங்கி, நாவலடி, வியாழை, கட்டகாமம் என்று காட்டிலேயே தங்கித் தங்கிப் போவார்கள். கதிர்காமத்திலே பள்ளிவாசலும், ஹிள்ர் நபி அவர்களின் பெயரால் ஓர் இடமும் உண்டு. எங்கள் பெரியவர்களும் அங்கு போய்வந்தவர்கள்தாம். ஆகவே காட்டிலே இராத்தங்குவது மேல்நாட்டார் கற்றுத்தந்த பொழுதுபோக்கு என்று எண்ணவேண்டியதில்லை. நைலோன் துணியும் மடக்குத் தடியும் மட்டுமே புதியவை.

உகந்தையைத் தாண்டினால் குமண தேசிய பூங்கா. சுமார் 35,600 ஹெக்டயர் காடும் வில்லுகளும் கடற்கரையும். 1938இல் பறவைகள் சரணாலயமாகி, 1970இல் கிழக்கு யால என்ற பெயரில் தேசிய பூங்காவாகி, 2006இல் குமண என்ற பெயரைப் பெற்றது. இடையிலே 1985 முதல் 2003 வரை, போர் காரணமாகப் பதினெட்டு ஆண்டுகள் அந்த வாயில் மூடிக் கிடந்தது. எங்கள் தலைமுறையில் பலர் இளமையிலே காட்டைப் பார்த்தது தூரத்துக் கருங்கோடாக மட்டுமே. காட்டுப் பக்கம் போனவன் திரும்பி வருவானா என்று உம்மாமார் வாசலிலே காத்திருந்த காலம் அது.

வனசீவராசிகள் திணைக்களத்தில் முன்கூட்டியே பதிவு செய்திருந்தோம். வழிகாட்டி ஒருவர் உடன் வந்தார். பாணமைக்காரர்; சிங்களமும் தமிழும் ஒன்றுபோலப் பேசினார். பாணமை அப்படியான ஊர். நாங்கள் தங்கும் இடம் பூங்காவின் தென் எல்லையான கும்புக்கன் ஓயாவின் கரை. கும்புக் என்று சிங்களத்தில் சொல்லப்படும் மரம் எங்கள் மருதமரம்தான். அடிமரம் வெளுத்து, வேர்கள் ஆற்றுக்குள் கால் நீட்டி நிற்கும் பெருமரங்கள். எங்கள் நால்வரில் ஒருவர் மருதமுனைக்காரர். "எங்கட ஊர்ப் பேரில இருக்கிற மரம். இவ்வளவு பெரிசா இண்டைக்குத்தான் பாக்கன்" என்றார்.

அந்த இடத்திலே குழாய் இல்லை, மின்சாரம் இல்லை, கட்டடம் என்று எதுவும் இல்லை. குடிநீர், அரிசி, விளக்கு எல்லாம் கொண்டுபோனவை. வழிகாட்டி முதலில் செய்தது நிலத்தைப் படித்ததுதான். ஆற்றுக்கு இறங்கும் மிதிபட்ட தடத்தைக் காட்டி, "இது யானையின் றோட்டு, இதில கூடாரம் போட்டா பிழை எங்கட பக்கம்" என்றார். மேலே காய்ந்த கொப்பு இருக்கிறதா என்று அண்ணாந்து பார்த்தார். வாழைப்பழமோ அன்னாசியோ கூடாரத்துக்குள் வைக்கக்கூடாது, உப்பும் வேண்டாம், உணவெல்லாம் வாகனத்துக்குள் இருக்கட்டும் என்றார். ஆற்றிலே முதலை உண்டு. ஆகையால் வுளூச் செய்வதற்கு வாளியிலே நீர் மொண்டு கரையிலிருந்து தள்ளி வந்தோம். கச்சான் காற்று வீசும் காலமாதலால், தீ மூட்டும் இடத்தைச் சுற்றிச் சருகைக் கூட்டி அகற்றினோம்.

பிரயாணிக்குத் தொழுகை சுருக்கப்பட்டிருக்கிறது அல்லவா? நான்கு இரண்டாகிறது. ஆற்றங்கரை மணலிலே அந்தச் சுருக்கத் தொழுகையைத் தொழுது எழுந்தபோது, எங்களில் மூத்தவரான ஹாஜியார் சொன்னார்: "பிரயாணத்தில எல்லாம் சுருங்கத்தான் வேணும். வீடு சுருங்கி இந்தத் துணியாச்சு, தொழுகையும் சுருங்கிச்சு. பேச்சையும் கொஞ்சம் சுருக்குங்க, யானை வார நேரம்."

ஆயினும் எங்கள் பேச்சு சுருங்கவில்லை. தீயைச் சுற்றி இருந்தபோது பேச்சு இலக்கியத்துக்குத் திரும்பியது. பத்துப்பாட்டிலே ஆகச் சிறியது நப்பூதனாரின் முல்லைப்பாட்டு, 103 அடிகள். அதன் நடுவே காட்டிலே அமைந்த ஒரு பாசறையை அவர் காட்டுகிறார். காட்டை வெட்டி, முள்ளால் வேலியிட்டு, தழையால் வேய்ந்த கூடாரங்கள் நிற்கின்றன. நாற்சந்தியிலே காவலாக நிற்கும் யானை கவளத்தை உண்ண மறுக்கிறது. அரசனின் இருப்பிடத்தை யவனர் காக்கின்றனர். அத்தனை காவலுக்கும் நடுவே அரசனுக்கு உறக்கமில்லை. போரிலே புண்பட்ட யானைகளையும் இறந்த வீரர்களையும் நினைத்துக்கொண்டிருக்கிறான். ஈராயிரம் ஆண்டுப் பழைமை வாய்ந்த எங்கள் மொழியில், கூடாரத்தினுள்ளே விழித்திருக்கும் மனிதன் ஒருவன் அப்போதே இருந்திருக்கிறான்.

அறபு மொழிக்குப் போனால், இஸ்லாத்துக்கு முற்பட்ட கசீதாக்களின் தொடக்கமே கூடாரம் பெயர்க்கப்பட்ட இடந்தான். இம்றுல் கைஸ் முதலான கவிஞர்கள், காதலியின் கூட்டத்தார் தங்கிச் சென்ற மணலிலே வந்து நின்று, அடுப்புக் கல்லையும் அழிந்த சுவடுகளையும் பார்த்து நினைவுகொள்வார்கள். அதன் பிறகுதான் கவிதை நடக்கும். ஆளில்லாத கூடாரத்தடம் அங்கே கவிதைக்கு வாசல்.

இப்படி நான் உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்தபோது மருதமுனை நண்பர் மட்டும் வாய் திறக்கவில்லை. படுக்கும் நேரம் வந்தது. மூவரும் உள்ளே போனோம். அவர் வரவில்லை.

"உள்ளுக்கு வா மச்சான்" என்றேன்.

"நீங்க படுங்க. நான் இஞ்ச இருக்கன்."

மீண்டும் அழைத்தேன். அப்போதுதான் சொன்னார். 2005இலே எட்டு மாதம், மனைவியோடும் இரண்டு பிள்ளைகளோடும் ஒரு கூடாரத்தில் இருந்தவர் அவர். எனக்கு அது தெரியும். தெரிந்தும் மறந்திருந்தேன். "பகலில உள்ளுக்கு இரிக்கேலா, வேகும். ராவையில சிப்ப இழுத்து மூடினா மூச்சு முட்டும். அந்தத் துணியின்ட மணம் இன்னும் மூக்கில இரிக்கி. வாப்பாட வட்டையில வாடியில எத்தன ராப் படுத்திருப்பன்! யானை வெடி போட்டுக்கொண்டு விடியவிடிய முழிச்சிருப்பம். அது பயமில்ல. நாலு பக்கமும் திறந்து கிடக்கும், வாறது தெரியும். இது அப்படியில்ல மச்சான்."

எனக்குப் பதில் வரவில்லை. பாசறை அரசனையும் பாலைவனக் கவிஞனையும் பற்றி ஒரு மணிநேரம் பேசியவன் நான். விழித்திருக்கும் மனிதன் எனக்கு எதிரிலேயே இருந்திருக்கிறான். வீடு உள்ளவனுக்குத்தான் கூடாரம் விளையாட்டு. திரும்பிப்போக வீடு இல்லாதபோது அதே துணி வேறொன்று. இதை எத்தனையோ கட்டுரைகளில் எழுதலாம். அன்றிரவு அது கட்டுரையாக இருக்கவில்லை.

உள்ளேயிருந்து ஹாஜியாரின் குரல் வந்தது: "அவர விடுங்க. மினாவுக்குத்தான் கூடாரம். முஸ்தலிபாவில எல்லாரும் வெட்ட வெளியிலதானே படுக்கிற."

வழிகாட்டி தீயை இன்னும் கொஞ்சம் தூண்டிவிட்டு நண்பரின் பக்கத்திலே வந்து அமர்ந்தார். இருவரும் தாழ்ந்த குரலில் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தது கேட்டது. நள்ளிரவுக்குப் பிறகு யானைத் தடத்திலே கொப்பு முறியும் ஓசை. எவரும் விளக்கடிக்கவில்லை. கனத்த உருவங்கள் ஆற்றுக்கு இறங்கி, நீர் அருந்தி, ஏறிப் போயின. எங்களுக்குத் துணியினூடே ஓசை மட்டும் கிடைத்தது. முழுதும் பார்த்தவர் வெளியே இருந்தவர்தான். "அஞ்சு பெரிசு, ஒரு குட்டி" என்று காலையிலே விரலை மடித்துச் சொன்னார்.

சுபஹுக்கு எங்களை எழுப்பியது ஒலிபெருக்கி அல்ல, காட்டுக்கோழி. பகலிலே குமண வில்லுக்குப் போனோம். கூடு கட்டும் பருவம். கண்ணா மரங்களெல்லாம் நாரையும் கொக்கும் கரண்டிவாயனும். கவட்டிலே நாலு சுள்ளியைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்துக் குடும்பம் நடத்துகின்றன. நண்பர் அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். என்ன நினைத்தார் என்று நான் கேட்கவில்லை.

இரண்டாம் இரவும் வந்தது. இம்முறை நாங்கள் எவரும் அவரை அழைக்கவில்லை. சிறிது நேரம் கழித்து அவராகவே எழுந்து வந்து, கூடாரத்தின் வாசலை முழுதாகத் திறந்து சுருட்டிக் கட்டினார். கால் உள்ளே, தலை வெளியே என்று படுத்தார். நுளம்பு அன்றிரவு எங்கள் எல்லோரையும் தின்றது. ஒருவரும் வாசலை மூடச் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் காலை புறப்படும் நேரம். கூடாரத்தைக் கழற்றப் போனேன். "நில்லு மச்சான், அத நான் கழட்டுறன்" என்றார். ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, மண்ணைத் துடைத்து எண்ணி வைத்தார். தடிகளை மடக்கினார். துணியை உதறி, விளிம்போடு விளிம்பு சேர்த்து மடித்தார். அதன்பிறகு சொன்னார்:

"அந்தக் கூடாரத்த நான் கழட்டல்ல. தகரக் கொட்டிலுக்கு எங்கள ஏத்திக்கொண்டு போன அண்டைக்கு அது அப்படியே நிண்டிச்சி. புறகு போய்ப் பாத்தன், இல்ல. ஆரு கழட்டின எண்டும் தெரியா. இதையாவது என்ட கையால கழட்டுறன்."

காட்டின் ஒழுங்குப்படி சாம்பலுக்கு நீரூற்றிக் கிளறி மூடினோம். குப்பையைப் பையிலே கட்டி வாகனத்தில் ஏற்றினோம். வழிகாட்டி இடத்தைச் சுற்றி நடந்து பார்த்துத் தலையசைத்தார். கூடாரம் இருந்த இடத்திலே புல் மட்டும் நாற்சதுரமாக மிதிபட்டுக் கிடந்தது. இரண்டு நாளில் அதுவும் எழும்பிவிடும் என்றார் அவர்.

கூடாரம் இப்போது அந்த நண்பரின் வீட்டில் இருக்கிறது. "வச்சிருங்க, அடுத்த முறையும் நானே கட்டுறன்" என்று வாங்கிப் போனார். ஓராண்டு கழிந்து ஒரு மாலை அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். சுனாமிக்குப் பிறகு பிறந்த கடைசி மகன், வளவிலே மாமரத்தடியில் அதை விரித்து, வாசலைத் திறந்து கட்டிவிட்டு உள்ளே புத்தகம் படித்துக்கொண்டிருந்தான். "வாப்பா எங்க மனே?" என்று கேட்டேன்.

"வாப்பா கூடாரத்துக்குள்ள நித்திரை" என்று தனக்குப் பின்னால் கையைக் காட்டினான்.