குறைத்துப் பேசும் கோபுரங்கள்



மத்திய அலையில் வானொலி கேட்டுப் பழகியவர்களுக்கு இது தெரிந்திருக்கும். பகலில் துல்லியமாகக் கேட்கிற நிலையம், இருட்டிய பிறகு வேற்றுமொழிப் பாட்டோடு கலந்து வரும். பகலில் அயனி மண்டலத்தின் கீழடுக்கு விழுங்கிவிடும் அலைகள், இரவில் அதன் மேலடுக்கில் பட்டுத் திரும்பி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி வந்து விழுகின்றன. எங்கோ அதே அலைவரிசையில் பேசும் நிலையம் நம் வீட்டுப் பெட்டிக்குள் புகுந்துவிடுகிறது. அலை தூரம் போனால் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் ஒரே அலைவரிசையைப் பலர் பங்குபோட வேண்டிய இடத்தில் தூரம்தான் தொல்லை.

தொலைபேசியிலும் இதே தொல்லைதான். 1946இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் காரில் இருந்தபடி பேசும் தொலைபேசி வந்தது. உயரத்தில் ஓர் ஆன்டெனா, வலுவான டிரான்ஸ்மிட்டர், ஊர் முழுக்க சிக்னல். ஆனால் ஒருவர் ஒரு சேனலில் பேசிக்கொண்டிருந்தால், அவர் வைக்கும்வரை அந்த ஊரில் வேறு யாரும் அதைத் தொட முடியாது. 1976இல்கூட அவ்வளவு பெரிய நியூயார்க்கில் பெல் நிறுவனத்தின் இந்தச் சேவையைப் பெற்றவர்கள் 545 பேர்தான். காத்திருந்தவர்கள் 3,700 பேர்!

இத்தனைக்கும் இதற்கான விடை 1947 டிசம்பரிலேயே பெல் ஆய்வகத்தில் எழுதி வைக்கப்பட்டிருந்தது. டக்ளஸ் ரிங் என்ற பொறியாளரின் குறிப்பு அது. ஊரைச் சின்னச் சின்ன அறுகோண வட்டாரங்களாகப் பிரியுங்கள், ஒவ்வொன்றுக்கும் வலு குறைந்த ஒரு டவர் வையுங்கள், பக்கத்து வட்டாரத்துக்கு வேறு அலைவரிசை கொடுங்கள், கொஞ்சம் தள்ளிப்போனதும் பழைய அலைவரிசையையே திரும்பப் பயன்படுத்துங்கள் என்பதுதான் அதன் சாரம். ஆடி மாதத்தில் அடுத்தடுத்த தெருவில் இரண்டு அம்மன் கோயில்கள் ஒலிபெருக்கி கட்டினால் என்ன ஆகும்? ஒருவர் சத்தத்தைக் கூட்ட, மற்றவரும் கூட்ட, நடுவில் இருப்பவருக்கு எந்தப் பாட்டும் புரியாது. இருவரும் குறைத்தால் அவரவர் தெருவுக்கு அவரவர் பாட்டு.

அரசு அலைவரிசை ஒதுக்கவும் இந்த முறையைக் கையாளும் கணினிகள் வரவும் காலம் பிடித்தது. 1983இல்தான் சிகாகோவில் சேவை தொடங்கியது. அந்த முறையில் ஒரு நிறுவனத்துக்குப் பேச்சுக்கென்று கிடைத்தவை 312 சேனல்கள். அவற்றை ஏழு வட்டாரங்களுக்குப் பிரித்தால் ஒன்றுக்கு 44 அல்லது 45. என்னடா இது, குறைந்துவிட்டதே என்று தோன்றும். ஆனால் ஏழுக்கு அப்பால் அதே 312ஐ மறுபடி தொடங்கலாம். ஊரில் 70 வட்டாரங்கள் இருந்தால் ஒரே நேரத்தில் 3,120 பேர் பேசலாம். வட்டாரத்தின் ஆரத்தைப் பாதியாக்கினால் அதே ஊருக்கு நான்கு மடங்கு வட்டாரங்கள், நான்கு மடங்கு பேச்சு. புதிதாக ஓர் அலைவரிசைகூட வாங்க வேண்டியதில்லை.

4ஜியில் இன்னும் துணிந்துவிட்டார்கள். ஒரு நிறுவனத்தின் எல்லா டவர்களும் ஒரே அலைவரிசையையே பயன்படுத்துகின்றன. இரண்டு டவருக்கு நடுவில் மாட்டிக்கொண்டவருக்குத்தான் சிரமம். "கோடெல்லாம் நிறைய இருக்கு, நெட்டு மட்டும் ஓடல" என்று நாம் அலுத்துக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம். அந்தக் கோடுகள் சிக்னலின் வலுவைக் காட்டும், அதில் கலந்த இரைச்சலைக் காட்டாது. ஆகவே டவருக்கு அருகில் இருப்பவருக்கு அலைக்கற்றை முழுவதையும் கொடுத்து, எல்லையில் இருப்பவர்களுக்கு மட்டும் பக்கத்து டவர்கள் தங்களுக்குள் செய்தி பரிமாறி வெவ்வேறு பகுதிகளை ஒதுக்கும் ஏற்பாடு உண்டு.

இதெல்லாம் நெரிசலான நகரத்துக்கு. வீடுகள் சிதறிக் கிடக்கும் கிராமத்திலும் மலையடிவாரத்திலும் கதை தலைகீழ். அங்கே ஒரே டவர் வெகுதூரம் எட்ட வேண்டும். தாழ்ந்த அலைவரிசைதான் அதற்குத் தோது. 700 மெகாஹெர்ட்ஸ் அலை, 2100 மெகாஹெர்ட்ஸ் அலையைவிடத் தொலைவு போகும், சுவரையும் நன்றாகத் துளைக்கும். இந்தியாவில் 2016இல் இந்த 700 மெகாஹெர்ட்ஸ் ஏலத்துக்கு வந்தது. நாடு முழுமைக்கும் ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு அடிப்படை விலை 11,485 கோடி ரூபாய். ஒருவரும் கேட்கவில்லை. 2021இல் 6,568 கோடியாகக் குறைத்தார்கள், அப்போதும் ஆளில்லை. 2022இல் 3,927 கோடிக்கு இறங்கிய பிறகே ஜியோ நிறுவனம் 10 மெகாஹெர்ட்ஸ் வாங்கியது. மறு ஆண்டு பிஎஸ்என்எல்லுக்கும் அரசு இந்த அலைவரிசையில் ஒதுக்கியது. நிலத்தைப்போல அலைக்கற்றையைச் சேமித்து வைக்க முடியாது. ஓர் ஆண்டு சும்மா கிடந்தால் அந்த ஆண்டின் பயன் போனது போனதுதான். கிராமத்துக்கு மிகவும் வேண்டிய அலைவரிசையை விலையின் உயரத்தில் ஆறாண்டு கட்டிவைத்தது எனக்குச் சரியாகப் படவில்லை.

டவரில் இந்த அலை வந்துவிட்டாலும் கையில் உள்ள செல்பேசிக்கு அது புரிய வேண்டும். பழைய 4ஜி செல்பேசிகள் பலவற்றில் இந்த வசதி கிடையாது. புதிது வாங்கும்போது, குறிப்பாக ஊர்ப்புறத்தில் இருப்பவர்கள், 700 மெகாஹெர்ட்ஸைக் குறிக்கும் பேண்ட் 28 இருக்கிறதா என்று கடைக்காரரிடம் கேட்டு வாங்குங்கள்.