குப்பை முதிரக் காற்றும் ஈரமும்

நகரக் குப்பை மக்கி எருவாகும் விதத்தைப் பற்றி இன்று சிறிது பேசுவோம். பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதிகளில் குடியேறி வாழும் நம்மவர்க்கு இது அன்றாடக் கவலை. சித்தூரிலும் கொழிஞ்சாம்பாறையிலும் குவியல் மக்காமலே காய்ந்துபோகிறது என்பர்; மூணாற்றிலோ அழுகி நாற்றமெடுக்கிறது என்பர். குப்பை ஒன்றுதான், குறை இரண்டு.

குப்பையை எருவாக்குபவை கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்கள். மூச்சுவிட அவற்றிற்குப் பிராணவாயு வேண்டும். உணவைக் கரைத்து உண்ண ஈரம் வேண்டும். இவ்விரண்டும் குவியலுள் இருக்கும் அதே சிறு இடுக்குகளில்தான் குடியிருந்தாக வேண்டும் என்பதே சிக்கல். நீர் மிகுந்தால் காற்றுக்கு இடமில்லை. காற்று ஓயாது புகுந்தால் நீர் நில்லாது. எடையில் நூற்றுக்கு 50 முதல் 60 பங்கு ஈரம் இருத்தல் நலம். இதனை அறியக் கருவி எதுவும் வேண்டுவதில்லை. ஒரு பிடி அள்ளி இறுகப் பிழிந்தால் ஓரிரு துளி கசிய வேண்டும். ஒழுகினால் மிகை, கை நனையாவிடில் குறை.

மேற்குத் தொடர்ச்சி மலையில் அகன்று கிடப்பது பாலக்காட்டுக் கணவாய். மார்கழி, தை மாதங்களில் அதன் வழியே வரும் கீழைக்காற்று குவியலை உலர்த்திவிடுகிறது. நுண்ணுயிர்கள் உறங்க, குவியலின் சூடும் தணிகிறது. சூடு தணிந்ததே முதிர்ச்சி என்று நம்பி வயலில் இடுவோர் உண்டு. அங்கேதான் நட்டம்! மண்ணின் ஈரம் பட்டதும் நுண்ணுயிர்கள் விழித்து, பயிருக்குரிய தழைச்சத்தைத் தாமே எடுத்துக்கொள்ளும்; பயிர் மஞ்சளிக்கும். ஆகவே, ஆறிய குவியலில் நீர் தெளித்துக் கிளறிவிட்டுச் சில நாள் பொறுத்துப் பாருங்கள். மீண்டும் சூடேறினால் அது இன்னும் முதிரவில்லை.

மூணாற்றில் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் மேலே கூரையும் அடியில் சுள்ளிப் படுக்கையும் இன்றியமையாதவை. நனைந்த காய்கறிக் கழிவோடு காய்ந்த சருகைக் கலந்தால் இடுக்குகள் அடைபடா. அதே மாவட்டத்து மறையூரோ மழைமறைவில் உள்ள ஊர். அங்கே பாலக்காட்டுப் பக்குவமே பொருந்தும்.

இந்தூரில் 1924 முதல் 1931 வரை பணியாற்றிய ஆல்பர்ட் ஹோவார்டு, குவியலைப் புரட்டிக் காற்றூட்டி மூன்று மாதத்தில் எருவாக்கும் முறையை வகுத்தார். புரட்ட ஆள் கிடைக்காதவர்க்குத் திருச்சூர் மாவட்டத்துத் தும்பூர்முழியில் உருவான தொட்டி உதவும். சுவரில் இடைவெளி விட்டுக் கட்டிய அத்தொட்டியில் சாணம், சருகு, குப்பை என்று மாறி மாறி அடுக்கினால், புரட்டாமலே ஏறத்தாழ 90 நாளில் மக்கும். கணவாய்ப் பக்கத்தில் அதை அமைப்போர், மார்கழிக் காற்று ஓயும்வரை கிழக்குச் சுவரில் மட்டும் நனைத்த சாக்கைத் தொங்கவிடுதல் நலம்.