பத்துக்குப் பத்து அறையில் எத்தனை பேர்?

உறவில்லாத பலர் வாடகை கொடுத்து ஒரே கூரையின் கீழ் தங்கும் இடங்கள் பல பெயர்களில் நடக்கின்றன. யாத்திரைத் தலத்தில் அது லாட்ஜ், டார்மிட்டரி. கல்லூரிக்கும் வேலைக்கும் வந்த பெண்களுக்கு லேடீஸ் ஹாஸ்டல். தனியாக வந்த ஆண்களுக்கு மேன்ஷன். கட்டட வேலைக்கு வந்தவர்களுக்கு மேஸ்திரி பிடித்துக் கொடுக்கும் தகரக் கொட்டகை. தனி வீட்டு வாடகையில் வீட்டுக்காரர், குடித்தனக்காரர் என்று இரண்டே தரப்பு. இங்கே மூன்றாவது தரப்பு ஒன்று உண்டு: பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பவர். அவருடைய காய்ச்சலும் அவர் அணைக்காமல் விட்ட அடுப்பும் மற்றவர்களையும் சேர்த்தே பாதிக்கும். வாடகை எவ்வளவு என்பது இரு தரப்பின் பேச்சு. அறையில் எத்தனை பேர் என்பது மட்டும் ஊர்ப் பொறுப்பாகிப்போனது இதனால்தான்.

ராமநாதபுரம் கடற்கரையில் இந்தப் பொறுப்பு யாத்திரையோடு வந்தது. சேதுவாகிய ராமேசுவரத்துக்குச் செல்லும் வழியில் சேதுபதி மன்னர்கள் சத்திரங்கள் கட்டிவைத்தார்கள். அங்கே தங்கலுக்குக் காசு இல்லை. 1914-ல் பாம்பன் ரயில் பாலம் திறந்த பிறகு வருகிறவர்கள் பெருகினார்கள், தங்கல் மெல்ல வியாபாரமானது. 2011 கணக்கெடுப்பில் ராமேசுவரம் நகராட்சியின் மக்கள்தொகை 44,856. ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் அதைவிடப் பெரிய கூட்டம் ஒரே நாளில் வந்து இறங்குகிறது. நால்வர் படுக்கும் அறையில் அன்றைக்கு இரண்டு குடும்பம் படுத்துக்கொள்ளும், யாரும் முறையிடுவதில்லை. விடிந்தால் ஊருக்குக் கிளம்புகிறவர்கள் எதற்குப் புகார் எழுதப் போகிறார்கள்?

யாத்திரைக் கூட்டத்தோடு காலராவும் பயணம் செய்தது. அந்த அச்சத்தில்தான் பூரி நகரின் தங்கும் விடுதிகளுக்கென்று 1871-ல் வங்காள அரசு தனிச் சட்டம் போட்டது. சென்னை மாகாணத்தில் 1939-ஆம் ஆண்டின் பொது சுகாதாரச் சட்டம் விடுதிகளுக்குத் தனிப் பகுதி ஒதுக்கியது. விடுதி நடத்துகிறவர் உள்ளாட்சியில் பதிவு செய்யவேண்டும். எத்தனை பேர் தங்கலாம், இடம் எவ்வளவு சுத்தமாக இருக்கவேண்டும் என்பதற்கு உள்ளாட்சி துணை விதி வகுக்கலாம். தொற்றுநோய் கண்டால் விடுதிக்காரர் தகவல் தரவேண்டும். எது விடுதி என்பதற்கு அந்தச் சட்டம் தரும் விளக்கத்தில் சத்திரமும் தர்மசாலையும் வரும். உரிமம் இல்லாத குடிபெயர்வோர் முகாம் என்ற ஒரு சொல்லும் வரும். மற்ற ஊர்க்காரர்களுக்கு அது விளங்காமல் போகலாம், மண்டபத்தைத் தெரிந்தவர்களுக்கு விளங்கும். இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளர்களைக் கப்பலேற்றும் முன் நோய்க்காகத் தடுத்துவைத்த பெரிய முகாம் அங்கேதான் இருந்தது. அதே மண்டபம் முகாமில்தான் பின்னாளில் இலங்கையிலிருந்து தப்பிவந்த அகதிகள் தங்கவைக்கப்பட்டார்கள்.

ஒரு அறை ஆளுக்குத் தகுந்ததா என்று பார்ப்பதற்கு அளவுகள் உண்டு. 2016-ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, ஒற்றை அறைக் குடியிருப்பில் அந்த அறை 9.5 சதுர மீட்டருக்குக் குறையக்கூடாது என்கிறது. உயரம் 2.75 மீட்டர் வேண்டும். நம் ஊரில் எல்லாரும் சொல்லும் 'பத்துக்குப் பத்து' அறை 100 சதுர அடி, அதாவது 9.29 சதுர மீட்டர். அளவு நூலிழையில் தவறுகிறது. ஜன்னல் கணக்கு இதைவிட முக்கியம். வெப்பமும் ஈரமும் சேர்ந்த பகுதிகளில் கதவு நீங்கலாகக் காற்றுத் திறப்பு தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்கு இருக்கவேண்டும். பத்துக்குப் பத்து அறைக்கு ஏறக்குறைய நாலடிக்கு நாலடி ஜன்னல் என்று வைத்துக்கொள்ளலாம். கட்டும்போது அந்த ஜன்னல் இருக்கும். கோயிலில் இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடிவிட்டு வந்தவர்களின் ஈர வேட்டியும் சேலையும் அதன் கம்பி முழுக்கத் தொங்கும்போது அது ஜன்னலாக இருப்பதில்லை. வரைபடத்தைப் பார்த்து ஒப்புதல் தருகிறவருக்கு இது தெரிய வழியில்லை, நேரில் வந்து கதவைத் தட்டுகிற சுகாதார ஆய்வாளருக்குத்தான் தெரியும்.

தண்ணீர்க் கணக்கும் இதோடு சேர்ந்ததே. ராமேசுவரம் தீவின் மணலுக்கடியில் நல்ல தண்ணீர் மெல்லிய படலமாக உப்புநீரின் மேல் நிற்கிறது. பத்துப் பேருக்கென்று கட்டிய செப்டிக் டேங்க்கை நாற்பது பேர் பயன்படுத்தினால், அதில் வழிவதை மணல் தடுத்து நிறுத்தாது. பக்கத்துக் கிணற்றுக்குப் போய்ச் சேரும்.

இந்த மாவட்டத்தில் கூட்டுத் தங்குமிடம் என்றதும் நினைவுக்கு வரவேண்டிய ஊர், கீழக்கரைக்கு அருகிலுள்ள ஏர்வாடி. அங்குள்ள தர்காவுக்கு மனநோயாளிகளை அழைத்துவந்து தங்கவைப்பது நெடுநாள் வழக்கம். தர்காவின் தண்ணீரும் அங்கே எரியும் விளக்கின் எண்ணெயும் குணம் தரும் என்பது நம்பிக்கை. நோயாளியோடு மாதக்கணக்கில் தங்க முடியாத குடும்பங்கள் காசு கொடுத்து விட்டுச்செல்லத் தொடங்கின. அப்படி விட்டுச்செல்வதற்கென்றே தனியார் காப்பகங்கள் முளைத்தன. சிகிச்சைக்காகச் சொந்தக்காரரைக் கூட்டிவந்து ஊரிலேயே தங்கிவிட்டவர்கள்தான் அவற்றில் பலவற்றை நடத்தினார்கள். பார்க்கப்போனால் அது வாடகைக்கு இடம் விடும் தொழில்தான். மாதம் ஒரு தொகை, படுக்க இடம், சாப்பாடு. கூடவே ஒரு சங்கிலி.

2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி விடியும் முன் அப்படியொரு காப்பகத்தின் கீற்றுக் கொட்டகையில் தீப்பிடித்தது. உள்ளே நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். சங்கிலி தளர்வாக இருந்த சிலரே வெளியே வந்தார்கள். 25 பேர் அங்கேயே இறந்தார்கள், பின்னர் எண்ணிக்கை 28 ஆனது. உச்ச நீதிமன்றம் தானாகவே எடுத்து விசாரித்த வழக்கின் தலைப்பில் இன்றும் 25 என்றுதான் இருக்கிறது. அடுத்த ஒரு வாரத்தில் இவ்வகைக் காப்பகங்கள் எல்லாம் மூடப்பட்டு, ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் அரசின் பொறுப்பில் சேர்க்கப்பட்டார்கள். காப்பகத்தை நடத்தியவருக்கும் குடும்பத்தார் மூவருக்கும் 2007-ல் தலா ஏழு ஆண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது.

உரிமம் பெறாமல் மனநோயாளிகளை வைத்திருக்கக்கூடாது என்ற சட்டம் தீவிபத்துக்கு முன்பே, 1987-லேயே, இயற்றப்பட்டிருந்தது. தீவிபத்தை விசாரிக்க அரசு அமைத்த ராமதாஸ் ஆணையம், காப்பகம் வைப்பவர் உரிமம் பெறவேண்டும், சங்கிலி கூடாது என்று பரிந்துரைத்தது. ஏற்கெனவே இருந்த சட்டத்தை மறுபடியும் பரிந்துரைக்க வேண்டிவந்தது என்றால் குறை எங்கே இருந்தது என்பது வெளிச்சம். காப்பகங்கள் ஒளிந்து நடக்கவில்லை, ஊருக்கு வந்தவர் எல்லாரும் பார்த்தார்கள். அவற்றை விடுதி என்று எண்ணினால் ஒரு துறை, மருத்துவமனை என்று எண்ணினால் இன்னொரு துறை, வழிபாடு என்று எண்ணினால் எந்தத் துறையும் இல்லை. சங்கிலிக்கு வெளிப்படையான தடை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் வந்தது.

பெண்கள் விடுதிகளுக்கான சட்டமும் ஒரு கொடுமைக்குப் பிறகே வந்தது. 2014 ஜூனில் பொள்ளாச்சி விடுதி ஒன்றில் இரண்டு சிறுமியருக்கு நேர்ந்த வன்கொடுமையை அடுத்து, அதே ஆண்டில் மகளிர், குழந்தைகள் விடுதிகளையும் இல்லங்களையும் ஒழுங்குபடுத்தும் தமிழ்நாட்டுச் சட்டம் வந்தது. இதன்படி உரிமம் தருபவர் மாவட்ட ஆட்சியர். ஆனால் அவருடைய மேசைக்குக் கோப்பு போகும் முன் பல கதவுகளைத் தட்டவேண்டும். 1965-ஆம் ஆண்டுச் சட்டப்படியான பொதுக் கட்டட உரிமம், பேச்சுவழக்கில் 'டி' படிவம், வருவாய்த் துறையிடம். தீயணைப்புத் துறையிடம் தடையின்மைச் சான்று. சுகாதாரச் சான்று, கட்டட அனுமதி, சமையலுக்கு உணவுப் பாதுகாப்புப் பதிவு எல்லாம் தனித்தனி. ஒவ்வொரு அலுவலகமும் தன் பங்கைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடும். கடைசிச் சான்று வாங்குவதற்குள் முதல் சான்று காலாவதியாகிவிட்டது என்று விடுதிக்காரர்கள் அலுத்துக்கொள்வதில் நியாயம் இல்லாமல் இல்லை.

2024 செப்டம்பர் 12 அதிகாலையில் மதுரை பெரியார் பேருந்து நிலையத்துக்கு அருகிலிருந்த பெண்கள் விடுதியில் குளிர்சாதனப் பெட்டி வெடித்துத் தீப்பற்றியதில் இரண்டு பெண்கள் இறந்தார்கள். கட்டடம் பழுதடைந்தது என்று மாநகராட்சி முன்பே நோட்டீஸ் கொடுத்திருந்தது. நோட்டீஸ் ஒரு அலுவலகத்தில், உரிமம் இன்னொரு அலுவலகத்தில். பெண்கள் மூன்றாவதாக அந்தக் கட்டடத்தில்.

இங்கிலாந்தில் இதே வேலை ஒரே மேசையில் நடக்கிறது. 2004-ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டப்படி, ஒரே குடும்பத்தைச் சேராத ஐந்து பேரோ அதற்கு மேற்பட்டவர்களோ சேர்ந்து வாழும் வாடகை வீட்டுக்கு உள்ளூர் மன்றமே உரிமம் தருகிறது. 2018 முதல் அறை அளவும் உரிமத்திலேயே எழுதப்படுகிறது: வயது வந்தவர் ஒருவர் படுக்க 6.51 சதுர மீட்டர், இருவருக்கு 10.22. நம்முடைய பத்துக்குப் பத்து அறை அந்தக் கணக்கில் ஒற்றை ஆளுக்கானது. இரும்புக் கட்டில் மூன்று போட்டு மேலும் கீழும் ஆறு பேரைப் படுக்கவைக்கும் ஏற்பாட்டுக்கு அங்கே இடமில்லை. அங்கேயும் உரிமம் எடுக்காத வீடுகள் உண்டு என்பது வேறு கதை.

தமிழ்நாட்டில் வாடகைக்கென்று உள்ள பொதுச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. எழுத்துமூல ஒப்பந்தம், அதன் பதிவு, முன்பணம் ஆகியவற்றை அது பேசுகிறது. ஒரு அறைக்கு எத்தனை தலை என்று பேசவில்லை. வேறு மாநிலத் தொழிலாளர்களுக்குத் தகுந்த இருப்பிடம் தரும் கடமையை 1979-ஆம் ஆண்டுச் சட்டம் ஒப்பந்ததாரர்மேல் சுமத்தியது. ஒப்பந்ததாரர் இல்லாமல் நாலு பேர் சேர்ந்து தாங்களே பிடித்த அறைக்கு அது பொருந்தவில்லை.

ஆண்கள் கூட்டாகத் தங்கும் இந்த அறைகள்தான் எந்தப் பதிவேட்டிலும் ஏறாதவை. பெண்கள் விடுதிச் சட்டம் இவற்றுக்கு இல்லை. இவர்கள் வந்துபோகும் யாத்திரிகர்களும் இல்லை, மாதக்கணக்கில் இருப்பவர்கள். நகராட்சியின் வரிப் புத்தகத்தில் அது குடியிருப்பு, மின்சார அட்டையிலும் வீடு. உள்ளே படுத்திருப்பது ஒரு குடும்பமா பன்னிரண்டு பேரா என்பது எழுதியிருப்பது ஒரே இடத்தில்: ஆள் தலைக்கு வாடகை வசூலிக்க வீட்டுக்காரர் வைத்திருக்கும் நோட்டில்.