இருவர் தோணி



தம்பலகாமத்து நெல்வயல்கள் முடியும் இடத்திலே கடல் தொடங்குகிறது. கந்தளாய்க் குளத்து நீரால் விளையும் நெல்லும், ஆதி கோணநாயகர் ஆலயமும் அவ்வூருக்குப் பெயர் தந்தவை. இவையன்றி, இன்று பலர் மறந்துவிட்ட மற்றொரு செல்வமும் அதற்கு ஒரு காலத்தில் இருந்தது. ஆழம் குறைந்த தம்பலகாமக் குடாவிலே, வட்டமாய், தட்டையாய், கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் ஒருவகைச் சிப்பி வாழ்ந்தது. அதன் சிறு முத்துக்களுக்காக அங்கே சிப்பி எடுத்தல் நிகழ்ந்தது. மன்னார்ச் சலாபத்தின் பெரும்புகழ் அதற்கு இல்லையாயினும், கடலடியை நம்பிப் பிழைத்தோர் இப்பக்கத்திலும் இருந்தனர் என்பதற்கு அது சான்று.

முத்துக் குளிக்கும் கரைகளிலே வழங்கும் அழகிய சொல் ஒன்றுண்டு. மூச்சடக்கி நீரடியில் இறங்குபவனைச் ‘சுழியோடி’ என்பர். அவன் தனியே இறங்குவதில்லை. அவனோடு பிணைந்த கயிற்றை மேலே தோணியில் ஒருவன் பிடித்திருப்பான். அப்படிப் பிடிப்பவன் மைத்துனனாய் இருத்தல் நன்று என்பது கரையோர வழக்கு. தன் உடன்பிறந்தாளின் தாலி அந்தக் கயிற்றிலே தொங்குவதை அவன் மறக்கமாட்டான் அல்லவா? இருவர் ஒரு தோணியில் ஏறினால் அவர்களுக்கிடையே இருப்பது தொழில் மட்டுமன்று. உயிரை ஒப்படைக்கும் நம்பிக்கையும் ஆகும்.

தம்பலகாமக் குடாவை அடுத்துள்ள திருகோணமலைத் துறைமுகம் இரண்டாம் உலகப் போரிலே மற்றொருவகைச் சுழியோடிகளைக் கண்டது. அவர்கள் முத்தெடுக்கச் சென்றவர் அல்லர். பகைவர் கப்பலின் அடியிலே வெடிகுண்டைப் பொருத்தச் சென்றவர். அவர்களும் இருவர் இருவராகவே சென்றனர். திரும்பியவர்களிற் சிலர் பின்னாளில் நூல் எழுதினர்; வேறு சிலருடைய கதையைப் பிறர் எழுதினர். அந்நூல்களைப் படிப்போர் முதலில் வீரத்தையே தேடுவர். படித்து முடித்தபின் நெஞ்சில் நிற்பதோ நட்பு.

முதற்கதை அலெக்சாந்திரியாத் துறைமுகத்தில் நிகழ்ந்தது. 1941ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் நாள் இரவு, இத்தாலியக் கடற்படையினர் அறுவர், இருவர் ஏறிச் செலுத்தும் மூன்று நீரடி ஊர்திகளில் அங்கே நுழைந்தனர். குதிரைமேல் அமர்வதுபோல் அவ்வூர்தியின்மேல் அமர்ந்து, தலைமட்டும் தெரிய, சில வேளை தலையும் தெரியாமல், அவர்கள் சென்றனர். லூயிஜி துராந் தெ லா பென்னே என்பவரும் எமிலியோ பியாங்கி என்பவரும் ஓர் ஊர்தியில் இருந்தனர். அவர்களுடைய இலக்கு ‘வேலியன்ட்’ என்னும் பிரித்தானியப் பெரும் போர்க்கப்பல். நெருங்கும் வேளையிலே பியாங்கியின் சுவாசக் கருவி பழுதடைந்து அவர் மேலே வந்துவிட்டார். தெ லா பென்னே தனியாளாகவே அப்பாரத்தைக் கடலடிச் சேற்றிலே இழுத்துச் சென்று, கப்பலின் அடியிற் சேர்த்தார்.

இருவரும் பிடிபட்டனர். கப்பலின் தலைவர் சார்ல்ஸ் மோர்கன் குண்டு எங்கே என்று கேட்டார், அவர்கள் வாய்திறக்கவில்லை. ஆகவே கப்பலின் கீழறையிலே அவர்களை அடைத்து வைத்தார். குண்டு வெடித்தால் அவர்களும் மாளவேண்டிய இடம் அது. வெடிக்கும் நேரம் நெருங்கியபோது, தெ லா பென்னே தலைவரைக் காண வேண்டினார். கப்பல் சிறிது நேரத்தில் வெடிக்கும், மாலுமிகளைக் காத்துக்கொள்க என்று மட்டும் சொன்னார். குண்டு இருக்கும் இடத்தைச் சொன்னாரில்லை. மீண்டும் கீழறைக்கே அனுப்பப்பட்டார். வெடி வெடித்தது, அவர் பிழைத்தார். ‘வேலியன்ட்’ கப்பலும், ‘குவீன் எலிசபெத்’ கப்பலும் ஆழங்குறைந்த அத்துறைமுகத்தின் தரையிலே அமர்ந்துவிட்டன.

இனி நிகழ்ந்ததே வியப்புக்குரியது. 1943இல் இத்தாலி போர்நிறுத்தம் செய்து, பின் நேச நாடுகளின் பக்கம் சேர்ந்தது. 1945 மார்ச்சிலே தாரந்தோ நகரில் தெ லா பென்னேக்கு அந்நாட்டின் மிக உயர்ந்த வீரப் பதக்கம் வழங்கும் விழா நடைபெற்றது. அப்பதக்கத்தை அவர் மார்பிலே அணிவித்தவர் யார்? தம் கப்பலை அவரிடம் இழந்த மோர்கனே. இத்தாலிய இளவரசர் உம்பெர்தோ அவரை அழைத்து அந்தச் சிறப்பைச் செய்வித்தார். தோற்றவர் கையால் வென்றவர் பரிசு பெறும் காட்சி, போர் வரலாற்றிலே மிக அரிது.

அந்தக் கப்பல்கள் இரண்டும் செப்பனிடப்பெற்றுப் பின் வந்து சேர்ந்த இடம் எது? திருகோணமலை. 1944இலே கீழைக் கடற்படையின் பெருங்கப்பல்களாக அவை இங்கே நின்றன. பகைவரால் மூழ்கடிக்கப்பட்டும் மீண்ட ‘வேலியன்ட்’, அவ்வாண்டு ஆகஸ்ட் 8ஆம் நாள் திருகோணமலையின் மிதக்கும் செப்பந்துறையிலே ஏற்றப்பட்டிருந்தபோது, அச்செப்பந்துறை உடைந்தமையால் பெருஞ்சேதம் அடைந்தது. பகைவன் கையால் நேர்ந்ததைக் கதையாக எழுதுகிறார்கள். இரும்பு உடைந்து நேர்ந்ததை எழுதுவோர் குறைவு.

இரண்டாவது கதை பிரான்சிலே தொடங்கி யாழ்ப்பாணத்தை வந்தடைகிறது. 1942 டிசம்பர் 7ஆம் நாள் இரவு, ‘டூனா’ என்னும் நீர்மூழ்கியிலிருந்து ஐந்து சிறு தோணிகள் கடலில் இறங்கின. ஆறாவது தோணி இறக்கும்போதே கிழிந்துவிட்டது. ஒவ்வொன்றிலும் இருவர், ஆகப் பதின்மர். கித்தானாலும் ஒட்டுப்பலகையாலும் ஆன மடக்குத் தோணிகள் அவை. காந்தத்தால் கப்பலின் அடிப்புறத்திலே ஒட்டிக்கொள்ளும் குண்டுகளை ஏற்றிக்கொண்டு, ஜிரோண்ட் ஆற்று முகத்தின் வழியே, இரவில் துடுப்பு வலித்தும் பகலில் நாணலுள் மறைந்தும், போர்தோ துறைமுகத்துக்குச் செல்லவேண்டும். தலைவர் ஹாஸ்லர் என்பவர். அவருடைய தோணியில் அவரோடு துடுப்பு வலித்தவர் பில் ஸ்பார்க்ஸ் என்னும் இளைஞர்.

முதல் இரவே ஆற்றுமுகத்து அலையில் ஒரு தோணி கவிழ்ந்தது. அதிலிருந்த இருவரும் குளிர்நீரிலே மற்றத் தோணிகளைப் பற்றிக்கொண்டு வந்தனர். அவர்களை இழுத்துச் சென்றால் விடிவதற்குள் மறைவிடம் சேரமுடியாது, மற்றெல்லாரும் பிடிபடுவர். கரைக்கு இயன்றவரை அண்மையில் அவர்களை விட்டுப் பிரியவேண்டும் என்ற கொடிய முடிவை ஹாஸ்லர் எடுத்தார். கயிற்றைப் பிடித்திருப்பவன் தானே அதை விடவேண்டிய நிலை அது. அவ்விருவரும் கடலில் மாண்டனர். வேறு அறுவர் வெவ்வேறு இடங்களிற் பிடிபட்டு, கைதிகளாக வைக்கப்படாமல், ஹிட்லரின் ஆணைப்படி கொல்லப்பட்டனர். இரு தோணிகள் மட்டுமே போர்தோவை அடைந்து கப்பல்களைச் சேதப்படுத்தின. பதின்மரில் உயிரோடு வீடு திரும்பியோர் ஹாஸ்லரும் ஸ்பார்க்ஸும் மட்டுமே. பகைவர் நிலத்தைக் கால்நடையாய்க் கடந்து, பிரெஞ்சு மக்களின் உதவியால் பிரனீசு மலையைத் தாண்டி அவர்கள் மீண்டனர்.

அந்த ஹாஸ்லரே 1944இலே இலங்கைக்கு வந்தார். சிறு படகுகளில் சென்று போர்புரியும் பல குழுக்களை ஒன்றாக்கி, தென்கிழக்காசியத் தலைமைப்பீடத்தின்கீழ் ஒரு படை அமைக்கப்பட்டிருந்தது. அதன் முகாம், காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையே கடல் நடுவிலுள்ள ஒல்லாந்தர் கோட்டையின் பெயரால் ஹமன்ஹீல் முகாம் எனப்பட்டது. பயிற்சியையும் புதிய கருவிகளையும் கவனிக்கும் பொறுப்பு ஹாஸ்லருடையது. இரவிலே நீந்திப் பகைவர் கரைக்குச் சென்று, நீரின் ஆழத்தை அளந்து, மணலை அள்ளி வந்து, வண்டிகள் அதில் புதையுமா என்று ஆராய்வோரும் அங்கே இருந்தனர். யாழ்ப்பாணக் கடனீரிலே பயின்ற அக்குழுக்கள் அரக்கான் கரையிலே பணிபுரிந்தன.

மூன்றாவது கதைக்குத் தொடக்கமும் முடிவும் திருகோணமலையே. 1944 அக்டோபரிலே ‘ட்ரென்சன்ட்’ என்னும் நீர்மூழ்கி, இரண்டு நீரடி ஊர்திகளை வெளியே கட்டிக்கொண்டு, ஹெஸ்லெட் என்பவரின் தலைமையில் தாய்லாந்தின் புக்கெட் துறைமுகத்தை நோக்கிச் சென்றது. இத்தாலியர் முன்பு பயன்படுத்திய அதே வகை ஊர்தியை இப்போது ஆங்கிலேயர் கையாண்டனர். நால்வர் சென்றனர், இரண்டு சரக்குக் கப்பல்களின் அடியிற் குண்டு பொருத்தினர், ஒன்று மூழ்கிற்று, மற்றது சேதமுற்றது. ஊர்திகளை மூழ்கவிட்டபோதிலும் ஆட்களை ஹெஸ்லெட் விடவில்லை. நால்வரும் நீர்மூழ்கிக்குத் திரும்பித் திருகோணமலை சேர்ந்தனர். எல்லாரும் திரும்பி வந்த கதைக்குப் புகழ் குறைவு என்பது உலகின் விந்தை. போர்தோவின் கதை திரைப்படமாயிற்று. புக்கெட்டின் கதையை அறிந்தோர் சிலரே.

இப்போது நினைவு நூல்களைப் பற்றிச் சிறிது ஆராய்தல் தகும். போர்தோ நிகழ்ச்சியை 1955இலே திரைப்படமாக எடுத்தனர். மறு ஆண்டு லூகாஸ் பிலிப்ஸ் என்பவர் நூலாக எழுதினார். ஸ்பார்க்ஸோ லண்டனிலே பேருந்து ஓட்டி வாழ்ந்தார். முதுமையில் வந்த பண நெருக்கடியால் 1988இலே தம் பதக்கங்களை விற்றார். 1992இலே தம் நினைவுகளை நூலாக்கினார். பதக்கம் ஒருவருக்குரியது; நினைவோ பதின்மருக்குரியது. அதனை விற்றுத் தீர்க்க இயலாது, சொல்லித்தான் தீர்க்கவேண்டும்.

ஆயினும், சொல்பவர் சொல்வதெல்லாம் முழு உண்மையாகிவிடாது. அலெக்சாந்திரியாவுக்கு அந்த அறுவரைக் கொண்டு சென்ற நீர்மூழ்கியின் தலைவர் போர்கேசே என்பவரும் புகழ்பெற்ற நினைவு நூல் எழுதினார். அவரே முசோலினியின் கட்சிக்கு இறுதிவரை துணைநின்றவர் என்பதை மறந்து அந்நூலைப் படித்தல் கூடாது. போர்தோ நிகழ்ச்சியைப் பற்றி 2012இலே நூலெழுதிய பாடி ஆஷ்டவுன் தாமும் அத்தகைய கடற்படைப் பிரிவிலே பணிபுரிந்தவர். ஆயினும், அதே கப்பல்களைத் தாக்க மற்றொரு பிரித்தானியக் குழுவும் போர்தோவிலேயே ஆயத்தமாய் இருந்தது என்பதையும், ஒன்றை ஒன்று அறியாமல் இரண்டும் இயங்கின என்பதையும் அவர் மறைக்காமல் எழுதினார். வீரரை மதிப்பது வேறு, வினாவாமல் இருப்பது வேறு. உண்மையான நண்பன் இரண்டையும் அறிவான்.

தமிழர்க்கு இது புதிய பாடம் அன்று. மூவேந்தர் முற்றுகையிட்ட பறம்பு மலையிலே பாரி மாண்டபின், எஞ்சி நின்றவர் கபிலர். பாரியின் மகளிரைக் காக்கும் கடமை அவருக்கு இருந்தது; பாரியைப் பற்றிச் சொல்லும் கடமையும் இருந்தது. இரண்டையும் முடித்தபின்னரே அவர் வடக்கிருந்தார். புறநானூற்றிலே பாரி இன்றும் வாழ்வது அந்த நட்பின் பயனாலன்றோ? மாண்டவனின் கயிற்றைக் கையில் வைத்திருப்பவன் எஞ்சியவன். அவன் பேசாவிடின், மாண்டவன் இரண்டாம் முறையும் மூழ்குகிறான்.

இந்நூல்கள் அனைத்திலும் ஒரு குறை உண்டு. துறைமுகம் பேசப்படுகிறது; துறைமுகத்தைச் சூழ்ந்த மக்கள் பெரும்பாலும் பேசப்படவில்லை. 1942 ஏப்ரல் 9ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையையும் சீனக்குடாவையும் தாக்கின. அன்று வயலில் நின்றவர் என்ன கேட்டார்? அடுப்பை அணைத்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிய தாய் எங்கே போய்த் தங்கினாள்? படைத்தளத்திலே கூலிக்குச் சென்றவன் யாரோடு நட்புக்கொண்டான்? இவற்றை எழுதத் தக்கவர்கள் தம்பலகாமத்தாரும், கிண்ணியாவாரும், மூதூராரும் ஆவர். அன்று பத்து வயதுச் சிறுவராய் இருந்தோர் இன்று தொண்ணூறைக் கடந்துவிட்டனர். ஒரு மாணவன் ஒரு கொப்பியும் பேனாவும் எடுத்துக்கொண்டு தன் பூட்டனாரின் அருகே அமர்வதற்கு இன்னும் மிகச் சில ஆண்டுகளே உண்டு.

இம்மாவட்டம் பின்னர் தன் சொந்த மண்ணிலேயே நீண்ட உள்நாட்டுப் போரைக் கண்டது. 2009இலே அது முடிந்தது. எதிரெதிரே நின்றோரும், இருபக்கத்தும் மக்களை இழந்தோரும், இன்று ஒரே சந்தையிலே நெல் விற்று ஒரே பேருந்திலே ஏறுகின்றனர். அவர்கள் நெஞ்சிலும் எழுதப்படாத நூல்கள் உள்ளன. தாரந்தோவில் மோர்கன் செய்ததை எல்லாரும் செய்ய இயலாது. எல்லாரிடமும் அதனை எதிர்பார்த்தலும் முறையன்று. ஆனால் மற்றவன் தன் மாண்ட தோழனைப் பற்றிச் சொல்லும்போது, இடைமறிக்காமல் இறுதிவரை கேட்டிருத்தல் எவர்க்கும் இயலும். நட்பின் முதற்படி அதுவே.

முத்துத் தோணியில் இருந்தவனின் கண் அலையில் இல்லை; கையிலுள்ள கயிற்றில் இருந்தது. கீழிருந்து ஓர் அசைவு வந்தால் அவன் இழுக்கவேண்டியிருந்தது. கேட்பவர் கையும் அவ்வாறே விழித்திருப்பதாக.