மொழிக்காக விலகாதவர், வணிகத்தால் விலகினார்

(முகப்பேரில் நடந்த திங்கட் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மகப்பேறு என்னும் சொல்லே முகப்பேர் என மருவிற்று என்பர் இவ்வூர்ப் பெரியோர். பெயரை உரித்தால் உள்ளே ஊரின் கதை இருக்கும். இன்று ஒரு முன்னெழுத்தை உரித்துப் பார்ப்போம். நம் அடுப்பில் சீழ்க்கை அடிக்கிறதே குக்கர், அதைச் செய்து விற்கும் குழுமங்களுள் ஒன்றின் பெயர் டி.டி.கே. அந்த முதல் 'டி' யாது? ஆவடிக்கு மேற்கே தொடர்வண்டி போய் நிற்கும் நம் திருவள்ளூர்! திருவள்ளூர் தட்டை கிருட்டிணமாச்சாரி என்பதே அவர் முழுப்பெயர். 'தி' என்றிருக்க வேண்டிய ஊர் 'டி' ஆகி, ஆங்கிலத்துக்குள் மறைந்து கிடக்கிறது.

1928இல் அவர் தொடங்கிய நிறுவனம் வெள்ளையரின் வழலைக்கட்டிகளையும் பிற பண்டங்களையும் ஊர்தோறும் கொண்டுபோய் விற்றது. அரசியலுக்கு வந்ததும் கடையை மகனிடம் விட்டார். பின்னர் அரசியற்சட்ட வரைவுக்குழுவில் இடம்பெற்றார். அவர் நம் அணியினர் அல்லர். ஆயினும் உண்மையை மறைத்தல் தமிழர்க்கு அழகன்று: 1948 நவம்பர் 5ஆம் நாள், அரசியற்சட்ட அவையிலேயே எழுந்து நின்று, இந்தி வல்லாட்சியைப் பற்றி எச்சரித்தவர் அவர். முழு இந்தியா வேண்டுமா, இந்தி இந்தியா வேண்டுமா என்பதை முடிவு செய்ய வேண்டியவர்கள் வடபுலத்தாரே என்று முகத்துக்கு நேரே சொன்னார். அந்த அவையில் அப்படிச் சொன்னவர் எத்தனை பேர்?

நடுவண் வணிக அமைச்சரானபின் இறக்குமதியை இறுக்கினார். அதில் அவர் குடும்ப நிறுவனமே அடிபட்டது. இதையும் அவர் பக்கத்திலேயே எழுதுவோம்.

அடுத்து வந்தது முந்திரா வழக்கு. 1957இல் வாழ்நாள் காப்பீட்டுக் கழகத்தின் பணம், ஏறத்தாழ 1¼ கோடி உருபா, அரிதாசு முந்திராவின் ஆறு நிறுவனப் பங்குகளில் கொட்டப்பட்டது. நேருவின் மருமகன் பெரோசு காந்தியே நாடாளுமன்றத்தில் இதைப் போட்டுடைத்தார். பம்பாய் உயர்முறைமன்றத் தலைமை நடுவர் சாக்ளா வெளிப்படையாக உசாவினார். செயலாளர் செய்ததற்கும் அமைச்சரே பொறுப்பு என்றார். 1958 பிப்பிரவரியில் கிருட்டிணமாச்சாரி பணத்துறையை விட்டு வெளியேறினார். மறு ஆண்டு, 1959இல், குடும்ப நிறுவனம் இங்கேயே குக்கர் செய்யத் தொடங்கியது. 1962இல் திருச்செந்தூரில் போட்டியின்றி வென்றார், மீண்டும் அமைச்சரானார், 1963இல் பழைய பணத்துறையே கைக்கு வந்தது.

தோழர்களே, இனி 1965. இந்தியே ஆட்சிமொழி என்று அறிவித்த அந்தச் சனவரி 26ஐ அடுத்து, தமிழ்நாடே எரிந்தது. மாணவர் மீது குண்டு பாய்ந்தது. தமிழுக்காகத் தீக்குளித்தவர் உடல்கள் கரியாயின. பிப்பிரவரி 11ஆம் நாள் தில்லியில் இரண்டு தமிழ்நாட்டு அமைச்சர்கள், சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அழகேசனும், விலகல் மடல் கொடுத்தனர். அம்மடல்கள் ஏற்கப்படாமல் அவ்விருவரும் மீண்டும் அமர்ந்துகொண்டது வேறு கதை, எழுதவாவது எழுதினார்களே! 1948இல் இந்தி வல்லாட்சி என்று முழங்கியவர் அன்று என் செய்தார்? எழுதவில்லை. இருந்த நாற்காலியிலேயே இருந்தார்.

அதே ஆண்டு முடிவதற்குள் அந்த நாற்காலி போயிற்று. எதனால்? மகன்களின் வணிகத்துக்காகப் பொறுப்பைப் பயன்படுத்தினார் என்று நாடாளுமன்ற உறுப்பினர் சிலர் குற்றஞ்சாட்டினர். தலைமை அமைச்சர் சாத்திரி, தலைமை நடுவரின் கருத்தைக் கேட்கலாம் என்றார். குற்றமில்லை என்று தலைமை அமைச்சரே சொல்லட்டும் என்று இவர் நின்றார். அது கிடைக்கவில்லை. திசம்பர் 31இல் விலகினார். குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை என்பதை நான் அழுத்திச் சொல்கிறேன். இல்லாததை ஏற்றிச் சொன்னால் நம் பக்கமும் பொய்யாகிவிடும். ஆனால் எண்ணிப் பாருங்கள்: தாய்மொழி எரிந்தபோது எழுதப்படாத மடல், குடும்ப வணிகத்தின் பேரில் சொல் எழுந்தபோது எழுதப்பட்டது.

அதன்பின் அமைச்சுப் பொறுப்பு அவரைத் தேடி வரவில்லை. மகன்கள் நடத்திய வணிகமோ அவருக்கு ஆறுதலாக இல்லை. அமைச்சரின் செல்வாக்கில் கொழுத்ததென்று ஊர் பேசிய குழுமம், 1970களின் தொடக்கத்தில் கடனில் மூழ்கிக் கிடந்தது. அமெரிக்காவில் படித்துத் திரும்பிய பேரன் பொறுப்பேற்று, ஆண்டுக்கணக்காய்க் கடன் அடைத்தே அதை மீட்க வேண்டியிருந்தது. அந்த மீட்சியைக் காண முதியவர் இல்லை. 1974 மார்ச்சு 7இல் அவர் மறைந்தார்.

சென்னையில் மௌபரீசு என்னும் வெள்ளைக்காரப் பெயர் தாங்கிய சாலைக்குப் பின்னர் அவர் பெயரைச் சூட்டினார்கள். வெள்ளையன் பெயரை எடுத்தது சரி. எடுத்த இடத்தில் வைத்தது என்ன? டி.டி.கே. சாலை! திருவள்ளூரின் 'தி' அங்கும் ஏறவில்லை.