தொண்டர் என்னும் சொல்லும் தொண்டர்படைச் சட்டமும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில், மரக்காணத்தில் ஆற்றிய உரை)



நிறைவு விழாவில் படைச்சட்டம் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் நம் செயலாளர் சற்றுத் திகைத்தார். ஆகவே காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வட்டத்தின் விதிகளைத் திருத்தி எழுதித் தருமாறு செயற்குழு சென்ற திங்களில் என்னைப் பணித்தது. உறுப்பினர் என்போர் தாமே விரும்பிச் சேரும் தமிழ்த் தொண்டர் என்று முதல் விதி தொடங்குகிறது. தொடர்ந்து மூன்று கூட்டங்களுக்கு வாராதவர் பெயரை நீக்கலாம் என்று இரண்டாம் விதி முடிகிறது. இவ்விரண்டையும் அடுத்தடுத்துப் படித்தபோது எனக்குள் இரு வினாக்கள் எழுந்தன. விரும்பி வந்தவரை விதியால் எவ்வளவு தூரம் கட்டலாம்? விரும்புவோர் எல்லார்க்கும் நம் வாயில் திறந்திருக்கிறதா? விடை தேடிப் போன இடம்தான், ஆங்கிலேயர் ஆட்சியில் இந்நாட்டில் அமைந்த தொண்டர்படைகளின் சட்டங்கள்.

இருவகைத் தொழில்

நம் இலக்கணத்தார்க்கு இச்சிக்கல் புதிதன்று. ஐயனாரிதனாரின் புறப்பொருள் வெண்பாமாலை வெட்சிப் போரை மன்னுறு தொழில், தன்னுறு தொழில் என இரண்டாக வகுக்கிறது. மன்னன் ஏவச் செல்வது முன்னது. ஏவலின்றி வீரர் தாமே செல்வது பின்னது. 'தொண்டு' என்னும் சொல்லோ இவ்விரு பொருளையும் தன்னுள்ளே அடக்கியது. தொண்டு என்பது அடிமையும் ஆகும். அன்பினால் தானே மேற்கொள்ளும் பணியும் ஆகும். சேக்கிழார் பாடிய திருத்தொண்டர்கள் இவ்விரண்டையும் ஒன்றாக்கிக் கொண்டவர்கள். இறைவனிடத்தில் அது இயலும். அரசிடத்தில் இயலுமா என்பதே கேள்வி.

ஏட்டுக்கு வெளியே ஒரு கட்டாயம்

1857இல் வடக்கே கிளர்ச்சி மூண்டபோது சென்னையில் தொண்டர் காவல்படை ஒன்று தோன்றியது. வணிகரும் எழுத்தரும் வழக்கறிஞரும் மாலைப் பொழுதில் துப்பாக்கிப் பயிற்சி பெறும் படை அது. இத்தகைய படைகளுக்கு ஒழுங்கும் கட்டுப்பாடும் வகுக்க அவ்வாண்டே 23ஆம் சட்டம் வந்தது. பின்னர் 1869ஆம் ஆண்டின் 20ஆம் சட்டம், இந்தியத் தொண்டர்படைச் சட்டம் என்னும் பெயரில், நாடெங்கும் இப்படைகளுக்கு அடிப்படையாயிற்று.

ஒருவர் தாமே வந்து பெயர் எழுதுகிறார். எழுதிய கணத்திலிருந்து சட்டம் அவரைக் கட்டுகிறது. சட்டப்படி, நுழைவு தன்னுறு தொழில். நுழைந்த பின் மன்னுறு தொழில்.

இந்த ஏட்டில் பெயர் இருப்பது வெறும் பெருமையன்று. 1878இல் வந்த ஆயுதச் சட்டம், இந்தியர் உரிமம் இன்றி ஆயுதம் வைத்திருப்பதைத் தடுத்தது. ஆனால் 1869ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவுபெற்ற தொண்டர் தம் கடமையின்பொருட்டு ஆயுதம் தாங்குவதற்கு அச்சட்டத்தின் முதற் பிரிவே விலக்களித்தது. 'தொண்டர்' என்னும் பெயர் துப்பாக்கிக்கு உரிமையாயிற்று.

தன்னார்வம் என்பதும் முழு உண்மையன்று. நம் திண்டிவனம் வழியே இரயிலோட்டிய தென்னிந்திய இரயில்வேக்கும் ஒரு தொண்டர் துப்பாக்கிப்படை இருந்தது. இந்திய இரயில்வேக்கள் பலவற்றில் ஐரோப்பியரும் ஆங்கிலோ இந்தியரும் அத்தகைய படையில் சேர்வது வேலை பெறுவதற்கே நிபந்தனையாக இருந்தது. சட்டத்தில் விருப்பம், வேலை ஒப்பந்தத்தில் கட்டாயம். கட்டாயம் எப்போதும் சட்டப் புத்தகத்தில்தான் இருக்கும் என்று நாம் எண்ணிவிடலாகாது.

எழுதப்படாத தடை

இனி இரண்டாம் வினாவுக்கு வருகிறேன். 1885இல் ஆப்கானிய எல்லையில் ருசியப் படை நெருங்கியபோது, சென்னை உள்ளிட்ட நகரங்களில் படித்த இந்தியர் தம்மையும் தொண்டர்படையில் சேர்க்குமாறு விண்ணப்பித்தனர். 1869ஆம் ஆண்டுச் சட்டத்தில் இந்தியருக்கு இடமில்லை என்னும் விதி எங்கும் இல்லை. ஆயினும் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரைத் தவிர எவர்க்கும் கதவு திறக்கவில்லை. 1886இல் கல்கத்தாவில் தாதாபாய் நௌரோஜி தலைமையிலும், 1887இல் நம் சென்னையில் பத்ருதீன் தயாப்ஜி தலைமையிலும் கூடிய காங்கிரசு மாநாடுகள் இவ்வுரிமையைத் தீர்மானமாகவே கேட்டன. ஆட்சி இசையவில்லை. தடை என்று எழுதியிருந்தால் அத்தடையை எதிர்த்து வாதிடலாம். எழுதாத தடையை யாரிடம் சென்று நீக்கச் சொல்வது?

கடல் கடந்தும் இதுவே நிலை. 1899இல் தென்னாப்பிரிக்காவில் போயர் போர் மூண்டபோது, காந்தியடிகள் ஏறத்தாழ 1,100 இந்தியரைத் திரட்டி, காயம்பட்டோரைத் தூக்கிச் செல்லும் படை அமைத்தார். அவர்களுள் பெரும்பாலோர் ஒப்பந்தத் தொழிலாளர். தமிழரும் அவர்களுள் இருந்தனர். துப்பாக்கிக்குரிய தொண்டு மறுக்கப்பட்டவர்க்குத் தோள் கொடுக்கும் தொண்டு மட்டும் கிடைத்தது.

முதல் உலகப் போரின் நெருக்கடியில், 1917ஆம் ஆண்டின் இந்தியப் பாதுகாப்புப் படைச் சட்டம் பழைய தொண்டர்படைகளுக்கு முடிவு கட்டியது. 16 முதல் 50 வயது வரையிலான ஐரோப்பிய பிரித்தானியக் குடிகளுக்குப் படைப்பணி கட்டாயமாயிற்று; இந்தியர்க்கோ அது விருப்பத்தின்பாற்பட்டதாயிற்று. நெடுங்காலம் தட்டிய கதவு இப்படித் திறந்தது. 1920இல் அக்கதவும் இரண்டாயிற்று. அவ்வாண்டின் 48ஆம் சட்டம் இந்தியர்க்குப் பிரதேசப் படையையும், 49ஆம் சட்டம் ஐரோப்பியர்க்கும் ஆங்கிலோ இந்தியர்க்கும் துணைப்படையையும் வகுத்தன. முன்னர் நடைமுறையில் இருந்த பிரிவினை இப்போது அடுத்தடுத்த எண் பெற்ற இரு சட்டங்களாகிவிட்டது.

வேதாரணியத்துத் தொண்டர்

இதே காலத்தில் 'தொண்டர்' என்னும் பெயர் வேறொரு திசையிலும் நடந்தது. 1921இல் காங்கிரசு, கிலாபத் தொண்டர் படைகளை வங்காளம் முதலிய மாகாணங்களில் அரசு சட்டவிரோதம் என்று அறிவித்தது. அதற்குப் பயன்பட்டது 1908ஆம் ஆண்டின் குற்றவியல் திருத்தச் சட்டம். ஒரு சட்டம் தொண்டர்க்குத் துப்பாக்கி தந்தது. மற்றொரு சட்டம் தொண்டர்க்குச் சிறை தந்தது. இருவரையும் அழைத்த பெயர் ஒன்றே.

1930ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள், இராஜாஜி தலைமையில் ஏறத்தாழ 100 தொண்டர்கள் திருச்சியிலிருந்து வேதாரணியம் நோக்கி நடந்தனர். உப்பு எடுப்பதற்காக அவர்கள் நடந்த வரலாற்றை உப்பளத்தின் அருகில் வாழும் உங்களுக்கு நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. ஒரு செய்தியை மட்டும் சுட்டுகிறேன். அவர்களுக்கு உணவும் இடமும் தருவோர் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 157ஆம் பிரிவின்கீழ்த் தண்டிக்கப்படுவர் என்று தஞ்சை ஆட்சியர் தார்ன் எச்சரித்தார். அப்பிரிவு எதைப் பற்றியது? சட்டவிரோதக் கூட்டத்தில் சேர்வதற்காகக் கூலிக்கோ வேலைக்கோ அமர்த்தப்பட்ட ஆட்களுக்குப் புகலிடம் தருவதைப் பற்றியது. வெயிலில் தாமே விரும்பி நடந்தவரை, அமர்த்தப்பட்ட ஆள் என்றே அச்சட்டத்தால் காண முடிந்தது. தன்னுறு தொழிலைக் குறிக்க அதனிடம் சொல்லே இல்லை. மக்களோ சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டு அந்த ஆணையை வென்றனர்.

வேதாரணியத்தில் முடிதிருத்தும் தொழிலாளி வைரப்பன், தம்முன் அமர்ந்திருப்பவர் தொண்டரை ஒடுக்க வந்த காவலர் என்று அறிந்ததும் மழிக்க மறுத்துச் சிறை சென்றார். அவர் நடைப்பயணப் பட்டியலில் இல்லாதவர். உப்புப் போரில் ருக்மிணி லட்சுமிபதி அம்மையாரும் அவ்வாண்டே சிறை சென்றார். ஏட்டில் பெயர் எழுதித்தான் ஒருவர் தொண்டராக வேண்டும் என்பதை இவர்களுடைய வாழ்வு மறுக்கிறது.

'எவரும்' என்னும் சொல்

விடுதலைக்குப் பின் 1948இல் பிரதேச இராணுவச் சட்டம் இயற்றப்பட்டது. 1949ஆம் ஆண்டு அக்டோபர் 9ஆம் நாள் அப்படையைத் தொடங்கிவைத்தவர் அன்றைய கவர்னர் ஜெனரல் இராஜாஜி. உப்பெடுத்துச் சிறை சென்ற தொண்டர்படைத் தலைவரே, பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின், குடிமக்கள் தாமே விரும்பிச் சேரும் படையைத் தொடங்கிவைத்தார். இனவேறுபாடு ஒழிந்தது. இந்தியக் குடிமகனாகிய எவரும் பெயர் கொடுக்கலாம் என்று அச்சட்டத்தின் 6ஆம் பிரிவு கூறிற்று.

ஆயினும் அந்த 'எவரும்' என்பதில் நெடுங்காலம் பெண்கள் சேரவில்லை. சட்டம் தடுக்கவில்லை, ஆட்சேர்ப்பு அறிவிப்புகள் ஆடவரை மட்டுமே அழைத்தன. 2018ஆம் ஆண்டு சனவரியில் தில்லி உயர்நீதிமன்றம், 6ஆம் பிரிவிலுள்ள அச்சொல் ஆண், பெண் இருபாலாரையும் குறிக்கும் என்று தீர்ப்பளித்தது. ஒரு சொல்லின் பொருளை நிலைநாட்ட எழுபது ஆண்டுகள் ஆயின. 1885இல் கேட்ட அதே கேள்விக்கு விடுதலை பெற்ற நாடும் விடை சொல்ல வேண்டியிருந்தது.

நம் வாயில்

அன்பர்களே, இப்போது நம் வட்டத்தின் உறுப்பினர் ஏட்டைத் திறப்போம். தமிழில் ஆர்வமுள்ள எவரும் சேரலாம் என்று எழுதியிருக்கிறோம். பத்தாண்டுகளில் இவ்வேட்டில் ஆசிரியர் உண்டு, அலுவலர் உண்டு, வணிகர் உண்டு. உப்பளத் தொழிலாளர் ஒருவர் பெயரும் இல்லை. நம் கவியரங்குகளில் நெய்தலும் உப்பும் எத்தனை முறை பாடப்பட்டன! உமணரையும் அவர்தம் வண்டியையும் எத்தனை முறை நான் எடுத்துரைத்திருக்கிறேன்! உப்பு வாரும் கைக்கு உரியவர் ஒருவரும் நம் பாயில் வந்து அமரவில்லை.

இதில் என் குற்றமே முதன்மையானது. என் பாட்டி இதே அளங்களில் உப்புக் கூடை சுமந்தவர். கூடைகளை எண்ணுவதற்கு அவர் பாடிய பாட்டுகளில்தான் நான் முதன்முதலாக எதுகையையும் மோனையையும் கேட்டேன். முனைவர் பட்டம் பெற்றேன். இவ்வட்டத்தில் மேடை பெற்றேன். அவருக்கு இங்கே இருக்கை இருந்திருக்குமா என்று இத்தனை ஆண்டுகளில் ஒருமுறையும் கேட்டேனில்லை.

நாம் யாரையும் வராதீர்கள் என்று சொன்னதில்லை. நம் கூட்டம் ஞாயிறு காலை 10 மணிக்கு நடக்கிறது. விடியுமுன் பாத்தியில் இறங்கி உப்பு வாரியவர் அந்நேரத்தில் கால் கழுவி வீடு சேர்ந்திருக்க மாட்டார். உப்புக்காலத்தில் மூன்று கூட்டங்களுக்கு அவரால் வர இயலாது. அவர் பெயரை நீக்கும் விதி, அவர் சேரும் முன்னரே ஆயத்தமாக இருக்கிறது. தடை என்று எழுதாமலே தடை செய்ய முடியும் என்பதைத் தொண்டர்படைச் சட்டத்திலிருந்து நாம் கற்க வேண்டியதில்லை, நாமே அறிவோம்.

ஆகவே விதித்திருத்தத்திற்கு என் முன்மொழிவுகள் மூன்று. வாராதவரை நீக்கும் இரண்டாம் விதியை விட்டுவிடுவோம். விரும்பி வந்தவரை விருப்பமே கொண்டுவரட்டும். உப்புக்காலத்தில் மாலை வேளையில், அளத்தை ஒட்டிய ஊர்களில் கூடுவோம். அளத்தில் வேலையில்லாத மழைமாதங்களில் அவர்களுக்கென்றே ஓர் அரங்கு அமைப்போம். 'எவரும் சேரலாம்' என்னும் தொடருக்குப் பின், 'சேர்வதற்கு எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டுவதில்லை. பாட்டு அறிந்தவர் சொல்ல மற்றவர் எழுதிக்கொள்வர்' என்று ஒரு வரி சேர்ப்போம்.

செயற்குழு இவற்றை ஏற்கலாம், மறுக்கலாம். மறுப்பதாயின், காரணத்தை எழுதி மறுக்குமாறு வேண்டுகிறேன். எழுதிய தடையோடு வாதிட எனக்குத் தெரியும்.